கன்சோல் திரை தானாக அணையாமல் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கணினியின் உரைத்திரையை, அதாவது கன்சோலை, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் இருண்டுவிடுகிறது. உடனே எங்கிருந்தோ மூன்று வரிக் கட்டளையை எடுத்து ஒட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் திரை மறுபடியும் கருப்பு. புதியவர்கள் பலர் இதில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் போட்ட கட்டளையில் தப்பு இருக்காது, திரையை அணைத்தது வேறொன்றாக இருக்கும்.

திரையை அணைக்கக்கூடிய கடிகாரங்கள் மொத்தம் நான்கு: லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், அதன் மேல் ஓடும் கிராபிக்ஸ் சூழல், கணினியையே தூங்கவைக்கும் சிஸ்டம்டி, கடைசியாக மானிட்டர். ஒன்றுக்கு மற்றதைப் பற்றிக் கவலையே கிடையாது. அதனால் முதலில் ஆளைக் கண்டுபிடித்து, பிறகு தற்காலிகமாக நிறுத்திப் பார்த்து, அது பலித்தால் மட்டும் நிரந்தரமாக்க வேண்டும். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்தக் கணினியோடு நேரடியாக இணைத்த விசைப்பலகை ஒன்று. ரூட் உரிமை, அதாவது நிர்வாகியின் அதிகாரம். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வலையமைப்பு மூலம், உள்ளே வர இன்னொரு கணினி. திரை கருத்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு கண் வேண்டும், அதற்குத்தான் இந்த இரண்டாவது கணினி. நேரம் குறிக்க ஒரு கடிகாரமும் வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்ச நேரத்தில் அணைஞ்சிடுச்சு" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

திரை ஓஎல்இடி வகையா என்றும் பாருங்கள். அப்படியென்றால் இந்த வேலையே வேண்டாம் என்பேன். ஒரே எழுத்து மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் படிந்துவிடும். எல்சிடி என்றால் அவ்வளவு பயமில்லை, வெளிச்சத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.

கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். கோடு, சாய்கோடு, சமக்குறி, இடைவெளி எல்லாம் நான் போட்ட இடத்தில் அப்படியே வர வேண்டும்.

## 2. அணைப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகிற படி இதுதான். நானும் ஒரு முறை தாண்டினேன். பதிவுகளைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு கணினியில் கெர்னல் அமைப்பை நாலு விதமாக மாற்றி, நாலு முறை ரீபூட் செய்து, ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். அணைத்துக்கொண்டிருந்தது மானிட்டரின் மெனுவுக்குள் ஒளிந்திருந்த மின்சேமிப்பு டைமர்.

திரை கருத்தவுடன் விசையைத் தட்டாதீர்கள். அந்த நிலையிலேயே கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

முதலில் நேரம். 5 நிமிடத்தில் அணைந்தால் க்னோம் சூழலைச் சந்தேகியுங்கள், அதன் இயல்பு மதிப்பு 300 வினாடி. 10 நிமிடம் என்றால் பழைய கெர்னலாகவோ, கிராபிக்ஸ் திரையை வரையும் எக்ஸ் சர்வராகவோ இருக்கும், இரண்டுக்கும் இயல்பு 600 வினாடி. சில மணி நேரம் கழித்து அணைந்தால், குறிப்பாக டிவியைத் திரையாக வைத்திருந்தால், டிவியேதான் அணைகிறது.

2017-இல் வந்த 4.12 பதிப்பிலிருந்து கெர்னலின் இயல்பு மதிப்பு 0. அதாவது இன்றைய விநியோகங்களில் வெறும் கன்சோல் தானாகக் கருக்காது. புதிய கெர்னல் இருந்தும் கருக்கிறது என்றால், யாரோ எங்கோ ஒரு மதிப்பை எழுதிவைத்திருக்கிறார்கள், இல்லையேல் கெர்னல் நிரபராதி.

அடுத்து, இரண்டாவது கணினியிலிருந்து பிங் அனுப்புங்கள். பதில் வந்தால் திரை மட்டும்தான் அணைந்திருக்கிறது. வராவிட்டால் கணினியே தூங்கியிருக்கலாம், 7-ஆம் படிக்குப் போங்கள்.

பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையை உற்றுப் பாருங்கள். மங்கலான சாம்பல் ஒளி தெரிந்தால் பின்விளக்கு எரிகிறது, கருப்பு வண்ணம் மட்டும் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒளியே இல்லாமல் மானிட்டரின் விளக்கு நிறம் மாறியோ சிமிட்டியோ இருந்தால் மானிட்டர் தூக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக ஷிஃப்ட் விசையை ஒரு தட்டு. என்டர் வேண்டாம். கருப்புத் திரைக்குப் பின்னால் யாராவது பாதி அடித்துவிட்டுப்போன கட்டளை இருந்தால் என்டர் அதை ஓடவிட்டுவிடும், ஷிஃப்ட் எதையும் செய்யாது. உரைக் கன்சோலில் மவுஸை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் திரையை எழுப்பாது.

இவை முடிந்ததும் கெர்னலிடமே கேளுங்கள்:

கேட் /சிஸ்/மாட்யூல்/கெர்னல்/பாராமீட்டர்ஸ்/கன்சோல்பிளாங்க்

ஒரு எண் வரும், அது வினாடிக் கணக்கு. 0 என்றால் கெர்னல் அணைக்கவில்லை. 4, 5, 6-ஆம் படிகளை விட்டுவிட்டு நேராக 7-க்குப் போகலாம். 600 போல வேறு எண் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

பலர் கேட்கிற ஒரு கேள்வி: "ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கிறதே, திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே, அப்புறம் ஏன் அணைகிறது?" கெர்னலின் கடிகாரம் பார்ப்பது விசைப்பலகையை. நிரல் எத்தனை வரி எழுதித் தள்ளினாலும், விசை அழுத்தாவிட்டால் யாரும் இல்லை என்றே அது எடுத்துக்கொள்ளும்.

## 3. நிறுத்தும் முன் ஒரு நிமிடச் சோதனை

அணையாமல் இருக்கிறதா என்று பார்க்க 10 நிமிடம் காத்திருப்பதைவிட, வேண்டுமென்றே சீக்கிரம் அணையவைத்துப் பார்ப்பது வேகம். கணினியின் முன் உட்கார்ந்து, கன்சோலில் உள்நுழைந்து இதைக் கொடுங்கள்:

செட்டெர்ம் --பிளாங்க் 1

கையை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக 1 நிமிடத்தில் திரை கருத்தால், உங்கள் கட்டளை கெர்னலைப் போய்ச் சேர்கிறது. இப்போது ஷிஃப்ட் தட்டி எழுப்பி, முன்பு படித்த கோப்பை மறுபடி படியுங்கள், 60 என்று காட்ட வேண்டும். இது நடக்காவிட்டால் 0 கொடுத்தாலும் நடக்கப்போவதில்லை. முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

60 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? செட்டெர்ம் நிமிடத்தில் பேசும், 0 முதல் 60 வரை. கெர்னல் வினாடியில் பேசும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை அணையட்டும் என்று நினைத்துக் கெர்னல் வரியில் 10 என்று எழுதிவிட்டு, 10 வினாடிக்கு ஒரு முறை திரை போய்ப் போய் வருகிறதே, வீடியோ கார்டு கெட்டுவிட்டது போல என்று புலம்பியவரை எனக்குத் தெரியும். கார்டைக் கழற்றித் துடைத்தும் பார்த்துவிட்டார்.

## 4. தற்காலிகமாக நிறுத்துங்கள்

செட்டெர்ம் --பிளாங்க் 0 --பவர்டவுன் 0 --பவர்சேவ் ஆஃப்

இங்கே மூன்று அமைப்புகள் இருக்கின்றன. பிளாங்க் என்பது திரையைக் கருப்பாக்குவது. பவர்டவுன் என்பது கருத்தபின் எவ்வளவு நேரம் கழித்து மானிட்டரை முழுமையாக அணைப்பது. பவர்சேவ் என்பது கருக்கும்போது மானிட்டருக்கு எந்த வகைத் தூக்கச் சைகை அனுப்புவது. முதலாவது நடந்தால்தான் இரண்டாவதன் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே உண்மையான பூட்டு பிளாங்க் 0 மட்டுமே, மற்ற இரண்டும் கூடுதல் தாழ்ப்பாள். மிகப் பழைய செட்டெர்மில் இரட்டைக் கோட்டுக்குப் பதில் ஒற்றைக் கோடு போட வேண்டியிருக்கும்.

ஒரு கன்சோலில் கொடுத்தால் போதும். கெர்னலில் இந்த மதிப்பு எல்லா மெய்நிகர் கன்சோல்களுக்கும் பொதுவானது. ஆறு கன்சோலிலும் போய்ப் போய்த் தட்ட வேண்டாம்.

எஸ்எஸ்எச் வழியாகச் செய்கிறவர்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். செட்டெர்ம் செய்வது மாயமில்லை. அது ஓடும் முனையத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு எழுத்துத்தொடரை அனுப்புகிறது, அவ்வளவுதான். உங்கள் எஸ்எஸ்எச் சாளரத்தில் கொடுத்தால் அந்தத் தொடர் உங்கள் சாளரத்துக்குத்தான் போகும், எங்கோ இருக்கும் கணினியின் திரைக்குப் போகாது. போதாததற்கு, உங்கள் முனையத்தின் பெயர் லினக்ஸ் என்று இல்லாமல் எக்ஸ்டெர்ம் என்று இருப்பதால், இந்த முனையத்தில் இது செல்லாது என்று செட்டெர்ம் கையை விரித்துவிடும். ஆகவே முனையத்தின் பெயரையும் சொல்லி, போகவேண்டிய இடத்தையும் காட்ட வேண்டும்:

செட்டெர்ம் --டெர்ம் லினக்ஸ் --பிளாங்க் 0 > /டெவ்/டிடிஒய்1 < /டெவ்/டிடிஒய்1

டிடிஒய்1 என்பது அந்தக் கணினியின் முதல் கன்சோல். வெளியீட்டைத் திருப்புவதோடு உள்ளீட்டையும் திருப்பியிருக்கிறேன். பவர்சேவ் போன்ற சில அமைப்புகள் எழுத்துத்தொடராகப் போகாமல் உள்ளீட்டுப் பக்கமாகக் கெர்னலை அழைக்கின்றன. இரண்டையும் திருப்பிவிட்டால் எது எப்படிப் போகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை.

இந்த வரியின் முன்னால், ரூட் உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். கட்டளைக்கு ரூட் உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் அம்புக்குறி வேலையைச் செய்வது நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படிக்கும் உங்கள் சாதாரண ஷெல், அதற்கு அந்த உரிமை இல்லை. சூடோ -ஐ (கோடும் ஆங்கில ஐ எழுத்தும்) என்று கொடுத்து ரூட் ஷெல்லுக்குள் போய், அங்கிருந்து முழு வரியையும் தட்டுங்கள்.

இந்த மாற்றம் ரீபூட் வரைக்கும்தான். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்து, திரை நின்றால் அடுத்த படி.

## 5. நிரந்தரமாக்குங்கள்

செட்டெர்ம் வரியை பாஷ்ஆர்சி கோப்பில் போட்டுவிடுவது பலர் பிடிக்கும் குறுக்கு வழி. நான் ஆதரிக்க மாட்டேன். யாராவது உள்நுழைந்தால்தான் அது ஓடும். உள்நுழைவுத் திரையில் நிற்கும் கணினிக்குப் பயனில்லை. எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு நகலெடுக்கும்போதும் அதே பாஷ்ஆர்சி ஓடி, தேவையில்லாத எழுத்துகளைக் கக்கி, நகலெடுப்பைக் கெடுக்கவும் கூடும்.

சரியான இடம் கெர்னலின் தொடக்க வரி. கணினி எழும் முதல் நொடியிலிருந்தே அது அமலில் இருக்கும். சேர்க்க வேண்டிய சொல்:

கன்சோல்பிளாங்க்=0

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. கன்சோல், பிளாங்க் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக வர வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் கெர்னல் நின்று சண்டைபோடாது, பேசாமல் தாண்டிப்போய்விடும்.

கோப்பில் எழுதும் முன் ஒரு முறை கையால் சோதியுங்கள். கணினியைத் துவக்கிவைக்கும் கிரப் நிரலின் மெனு வரும்போது ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு இந்தச் சொல்லைச் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும். தப்பானாலும் அடுத்த ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும்.

டெபியன், உபுண்டு: /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டுத் திறங்கள். கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்று முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதன் மேற்கோள் குறிகளுக்கு உள்ளே, இருப்பதற்குப் பின்னால், ஒரு இடைவெளி விட்டுச் சேருங்கள். பிறகு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம். நீங்கள் திருத்தியது குறிப்புக் கோப்பு மட்டுமே, துவக்கத்தில் படிக்கப்படும் கோப்பை உருவாக்குவது அந்தக் கட்டளைதான். கிளவுட் படிமத்திலிருந்து நிறுவிய உபுண்டு என்றால் /இடிசி/டிஃபால்ட்/கிரப்.டி அடைவையும் பாருங்கள். அங்கே உள்ள கோப்பு நீங்கள் எழுதியதை மீறிவிடலாம்.

ஃபெடோரா குடும்பம்: கோப்பைத் தொடவே வேண்டாம்.

கிரப்பி --அப்டேட்-கெர்னல்=ஆல் --ஆர்க்ஸ்="கன்சோல்பிளாங்க்=0"

இதில் ஆல் மட்டும் பெரிய எழுத்து.

ராஸ்பெரி பை: கிரப் கிடையாது. /பூட்/ஃபர்ம்வேர்/சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி, பழைய வெளியீடுகளில் /பூட் அடைவிலேயே. இந்தக் கோப்பு முழுக்க ஒரே வரி. அந்த வரியின் கடைசியில் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். என்டர் தட்டிப் புதிய வரியில் எழுதுவதுதான் இங்கே வழக்கமான பிழை. எழுதியது எடுபடாது, ஏன் என்றும் தெரியாது.

## 6. ரீபூட் செய்து சரிபாருங்கள்

கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்

நீங்கள் சேர்த்த சொல் இதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துவக்கக் கோப்பு உருவாகவில்லை, 5-க்குத் திரும்புங்கள். ஒரே சொல் இரண்டு முறை, இரண்டு மதிப்புகளோடு இருந்தால் பின்னால் வருவதே செல்லும். பிறகு 2-ஆம் படியில் படித்த கன்சோல்பிளாங்க் கோப்பையும் படியுங்கள், 0 வர வேண்டும். தொடக்க வரியில் 0 இருந்தும் இங்கே வேறு எண் வந்தால், துவக்கத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நிரல் செட்டெர்ம் ஓட்டுகிறது.

## 7. கணினியே தூங்கினால்

பிங்குக்குப் பதில் வராமல் போனவர்களுக்கு. கணினியை எழுப்பி, ஜர்னல்சிடிஎல் -பி (பூட் என்பதன் முதல் எழுத்து) கொடுத்து, பதிவில் "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி" என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால் இது திரைப் பிரச்சினையே இல்லை, செட்டெர்மால் ஒன்றும் ஆகாது.

மடிக்கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்கள் முதலில் மூடியைக் கவனிக்க வேண்டும். /இடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர் என்று வையுங்கள். ஹேண்டில், லிட், ஸ்விட்ச் மூன்றின் முதல் எழுத்தும் பெரியது, இடையில் இடைவெளி இல்லை. வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட வேண்டும், அது இருக்கும்வரை அந்த வரி வெறும் குறிப்புரை. மூடியைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி சேவையை ஓடும்போதே மறுதொடக்கம் செய்து கிராபிக்ஸ் அமர்வைப் பறிகொடுப்பதைவிட, ரீபூட் செய்துவிடுவது நிம்மதி.

அதன்பின் தூக்கத்தின் வாசல்களை அடையுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் ஸ்லீப்.டார்கெட் சஸ்பெண்ட்.டார்கெட் ஹைபர்னேட்.டார்கெட் ஹைப்ரிட்-ஸ்லீப்.டார்கெட்

மூடியை முதலிலும் மாஸ்க்கைப் பிறகும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாசலை மட்டும் அடைத்துவிட்டு மூடியை விட்டால், மூடும்போதெல்லாம் லாகின்டி தூங்கவைக்க முயன்று, முடியாமல், மறுபடி மறுபடி முட்டிக்கொண்டே பிராசஸரைத் தின்னும்.

இப்படி வைத்த மடிக்கணினியை மூடி வைத்தால் உள்ளே திரை எரிந்துகொண்டே இருக்கலாம். அங்கே தேவை நேர்மாறானது: கன்சோல்பிளாங்க்=60 என்று கொடுத்து ஒரு நிமிடத்தில் அணையவிடுங்கள்.

## 8. மேலே கிராபிக்ஸ் ஓடினால்

எக்ஸ் ஓடும் திரையில் கெர்னலின் கன்சோல் கடிகாரம் தலையிடாது. எக்ஸுக்குச் சொந்தமாக இரண்டு கடிகாரங்கள்: ஸ்கிரீன் சேவர் ஒன்று, டிபிஎம்எஸ் என்ற மின்சேமிப்பு ஒன்று. ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றது அணைத்துவிடும்.

எக்ஸ்செட் எஸ் ஆஃப்
எக்ஸ்செட் எஸ் நோபிளாங்க்
எக்ஸ்செட் -டிபிஎம்எஸ்

எக்ஸ்செட் க்யூ கொடுத்தால் இப்போதைய நிலை தெரியும். இவை எக்ஸ் மறுபடி தொடங்கும்போது மறைந்துவிடும். எக்ஸ் தொடங்கும்போது ஓடும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் எழுதுகிறவர்கள் சாளர மேலாளரை அழைக்கும் வரிக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் மேலாளர் முடிந்த பிறகுதான் முறை வரும்.

எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்ட் என்றால் எக்ஸ்செட் பிழை காட்டாமல்கூட ஓடலாம், ஆனால் திரை அணைவதை அது தடுக்காது. டெஸ்க்டாப்பின் சொந்த மின்சக்தி அமைப்பில்தான் மாற்ற வேண்டும். உங்கள் கணக்கில் மாற்றியது உள்நுழைவுத் திரைக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள், அது வேறொரு பயனராக ஓடுகிறது.

## 9. மானிட்டர்

மெனுவைத் திறந்து ஈகோ, ஆட்டோ ஸ்டாண்ட்பை, ஸ்லீப் டைமர், ஆட்டோ பவர் ஆஃப் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் நிறுத்துங்கள். டிவியில் இது ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும்.

## 10. அணையாத திரையும் பூட்டாத கதவும்

திரை கருத்துப்போவது பாதுகாப்பு அல்ல, ஆனாலும் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை. ரூட்டாக உள்நுழைந்து விட்டுப்போன கன்சோல் போவோர் வருவோர் எல்லோருக்கும் திறந்திருக்கும். எழுந்து போகும் முன் விலாக் -ஏ கொடுங்கள், எல்லாக் கன்சோல்களும் பூட்டிக்கொள்ளும். வெறும் பதிவுகளைக் காட்டுவதுதான் வேலை என்றால், அதற்கென அதிகாரம் குறைந்த ஒரு பயனரை வைத்து அவர் பெயரில் ஓடவிடுவது இன்னும் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் எப்போதாவது திரை கருப்பாக நின்று, நீங்கள் தொலைவில் இருந்தால், ரூட் ஷெல்லிலிருந்து செட்டெர்ம் --டெர்ம் லினக்ஸ் --பிளாங்க் போக் என்பதை 4-ஆம் படியில் சொன்னபடி உள்ளீடு, வெளியீடு இரண்டையும் டிடிஒய்1-க்குத் திருப்பிக் கொடுங்கள். கெர்னல் அணைத்திருந்தால் திரை எழுந்துவிடும். எழாவிட்டால் அணைத்தது கெர்னல் இல்லை, 2-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.